கைக்கெட்டும் உப்பு

உப்பு ஜாடி மாமாவின் தட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே உப்பில்லாத பருப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எதிரில் அவர் மனைவி, என் அக்கா. இன்றைக்கு உப்பு போட மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று தெரியவில்லை. தன் தட்டில் மட்டும் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, ஜாடியை மேசை நடுவில் வைத்துவிட்டாள்.

நான் எடுத்துக் கொடுத்தால் விஷயம் முடிந்துவிடும். கொடுக்கவில்லை. என்னதான் ஆகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது.

இத்தனைக்கும் அந்த உப்பைக் கடையிலிருந்து வாங்கி வந்ததே மாமாதான்.

போன பௌர்ணமியன்று காலை அவர் புத்த விகாரைக்குப் போய், பிக்குவின் முன் உட்கார்ந்து ஐந்து சீலங்களை ஏற்றுக்கொண்டு வந்தார். உயிரைக் கொல்வதில்லை. கொடுக்கப்படாததை எடுப்பதில்லை. பிறரின் வாழ்க்கைத்துணையை நாடுவதில்லை. பொய் சொல்வதில்லை. மயக்கம் தருவதைக் குடிப்பதில்லை.

விடுதியிலிருந்து நான் விடுமுறைக்கு வந்தது மறுநாள். முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. கையில் உட்கார்ந்த கொசுவை மாமா ஊதிப் பறக்கவிடுவார். அது நேராக என்மேல் வந்து உட்காரும். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் ஓர் அம்மா புது ஃபிரேமை மாட்டிக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். இவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "உங்க பழசுதாம்மா நல்லாயிருக்கு" என்றாராம். வியாபாரம் போச்சு.

இரண்டாவது சீலம்தான் எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் அவர் எதையும் தானாக எடுப்பதில்லை. துண்டு கொடியில் தொங்கும். எடுத்துத் தரச் சொல்லிக் குளியலறைக்குள்ளிருந்து என்னைக் கூப்பிடுவார். வாசல் சாவி கதவருகே கொக்கியில் இருக்கும், தொடமாட்டார். சாயங்காலம் மணியடித்துவிட்டு, முதல்முறை வந்த விருந்தாளி மாதிரி தள்ளி நிற்பார். நேற்று கொட்டுகிற மழையில், மூலையில் இருந்த குடையைத் தாண்டி நடந்துபோய்த் தொப்பலாக நனைந்தார். நாற்காலியில்கூட, "உக்காருங்க மாமா" என்று நான் சொன்ன பிறகுதான் உட்கார்கிறார்.

சொந்த வீட்டில் இருப்பதை எடுத்தால் அது எப்படித் திருட்டாகும்? பிக்கு அப்படியா சொல்லியிருப்பார்?

அக்காவைக் கேட்டேன். "சும்மா சீன் போடறாரு. எத்தனை நாளைக்குன்னு பாக்கலாம்" என்றாள்.

அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. நான் வருவதற்குள் சண்டை நடந்து முடிந்திருந்தது. ஏதோ ஓர் ஆணியைப் பற்றியது என்பதற்குமேல் யாரும் சொல்லவில்லை. கூடத்துச் சுவரில் புதிதாக ஓர் ஓட்டை இருந்தது. அதற்கு நேர் கீழே, தரையில் சாய்த்து வைத்தபடி, மாமாவின் இறந்துபோன அம்மாவுடைய படம்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். கடைக்கு மேலே ஒட்டடை பிடித்துக் கிடந்த அறையை மாமா பெருக்கித் துடைத்திருக்கிறார். ஒரு பாயும் தலையணையும் வாங்கிப் போட்டிருக்கிறார். இன்று மத்தியானம் கடைக்குப் போனபோது பார்த்தேன். அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அதே கடையில் பார்த்த வேறொரு விஷயத்தைச் சொல்லலாம் என்று பட்டது.

"மாமா, கடைல நீங்களே பானைல தண்ணி மொண்டு குடிச்சீங்களே, நான் பாத்தேன். யாரு கொடுத்தா? அங்க மட்டும் சீலத்துக்கு லீவா?"

அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மாட்டிக்கொண்டார் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மாமா வாயில் இருந்ததை விழுங்கினார். பொய் சொல்லக் கூடாது என்று ஆனதிலிருந்து அவருடைய பதில்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.

"கடை என்னோடதும்மா" என்றார்.

அதில் குத்தல் இல்லை. மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. வாய்க்குப் போன கவளம் தட்டுக்கே திரும்பியது. நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"நான்தான்டி கேட்டேன்" என்றாள் அக்கா. சொன்னது எனக்கு, பார்த்தது தட்டை. "எங்கப்பா கட்டின செவுத்துல ஆணி அடிக்க நீங்க யாருன்னு. இந்த வீட்ல உங்களோடதுன்னு என்ன இருக்குன்னு."

பௌர்ணமியன்று காலையில் பிக்குவின் வாயிலிருந்து கேட்டது ஒன்று. அன்று மாலையில் மனைவியின் வாயிலிருந்து கேட்டது ஒன்று. மாமா இரண்டையும் அப்படியே நம்பியிருக்கிறார்.

அக்கா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பரணைக் குடைகிற சத்தம் கேட்டது. தகர டப்பா ஒன்று உருண்டது. திரும்பி வந்தவள் மாமாவின் முன்னால் நின்று, ஒரு சுத்தியலை இரண்டு கையாலும் நீட்டினாள். அதன் மேல் ஆணிகள்.

"இந்தாங்க. அத்தை படம் கனம். ஒண்ணு தாங்காது, ரெண்டா அடிங்க."

மாமா எழுந்து, இடது கையால் வாங்கிக்கொண்டார். சுவரில் இருந்த ஓட்டையை ஒருமுறை பார்த்தார். தட்டில் இன்னும் பாதிச் சாப்பாடு இருந்தது.

"உக்காருங்க" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு, யாரும் கொடுக்காமலே, கையை நீட்டி உப்பை எடுத்தார்.