தூங்கும் கூழாங்கல் செடி

"பார்க்கத்தான் கூழாங்கல் மாதிரி. அபூர்வமான செடி! வெயில் காலம் பூரா தூங்கும், மார்கழிக் குளிர்லதான் முழிக்கும். தண்ணி பட்டா அழுகிடும், கிட்டப் போகாத!"

இராஜத்தின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய செடியை இப்படிச் சொல்லி அவளிடம் ஒப்படைத்துவிட்டு, அவள் புருஷன், ஆபீஸ் கிளாக்கர் மணிவேல் கொழும்புக்கு ட்ரெயினிங் போனார்.

இராஜம் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். ஒரு நாள் அசந்த நேரத்தில் கோழி தொட்டியைக் கிளறிவிட்டது. செடியைக் காணோம்!

புருஷனுக்குப் பயந்து, மாணிக்கக்கல் தோண்டும் குழியோர மண்மேட்டில் அலைந்து, அதே நிறத்தில் ஒரு கல்லைப் பொறுக்கிவந்து நட்டுவைத்தாள்.

மார்கழியில் மணிவேல் திரும்பினார். தொட்டியை உற்றுப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க இராஜம் கைகளைக் குவித்தாள்.

"என்னடி இது? நான் வெச்ச கல்லுல வெள்ளைக் கோடு இருந்துச்சே!" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குவிந்த கைகள் மெல்ல இடுப்புக்குப் போயின.