துண்டுக்கு அடியில் ஒரு வளைவு

பந்தயத் தடத்தின் இடது வளைவில் இரண்டு முறை குப்புற விழுந்த ரிமோட் கார் மேசைமேல் மல்லாந்து கிடந்தது. இன்னொரு முறை கவிழ்ந்தால் மாட்டுத் தரகர் ஆறுச்சாமியின் மகள் சுகந்திக்கு இறுதிப்போட்டி இல்லை. காரின் ஸ்பிரிங்கை எத்தனை சுற்று இறுக்குவதென்று மச்சான் மயில்சாமியிடம் பேசலாமென்றால், போட்டிக்கு வந்த பக்கத்து மேசைக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஆறுச்சாமி தோள்துண்டை உதறிக் கைமேல் போட்டார். மாட்டுச் சந்தையில் விரல் பிடித்து விலை பேசுவதுபோல் இருவர் விரல்களும் உள்ளே போயின. மூன்று சுற்றுக்கு மச்சான் மூன்று விரலைப் பிடித்தார். ஆறுச்சாமி இரண்டைத் தள்ளிவிட்டார்.

"கட்டாதுங்க மாப்ள" என்றார் மயில்சாமி.

"அதுக்கு மேல போனா துள்ளும் மச்சா. பல்லப் புடிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"துண்டுக்குள்ள என்னங்கண்ணா?" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

"கொசுக்கடிங்க தம்பி. சொறிஞ்சுக்கறோம்."

ஒரு விரலும் மடக்கிய அரை விரலுமாகப் பேரம் படிந்தது. மயில்சாமி ஒன்றரைச் சுற்று இறுக்கினார். சுகந்தி ரிமோட்டை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

இடது வளைவு வந்தது. கார் இரண்டு சக்கரத்தில் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, நான்கிலும் இறங்கிப் பறந்தது. சுகந்தி சிரித்தாள். பந்தயத்தில் இன்னும் மூன்று சுற்று பாக்கி. துண்டுக்குள் எப்போது கை போனதென்று இருவருக்கும் தெரியாது. மச்சான் இறுக்கிப் பிடித்திருந்தார். எத்தனை விரலென்று ஆறுச்சாமி எண்ணவில்லை.