திட்டினால் திறக்கும் கதவு

என் வீட்டுக் கதவுக்குச் சாவி கிடையாது. பேசுகிற தோரணையை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கும். பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்களைத் தெருமுனையிலிருந்து அழைத்துவந்து, "தவமணி, கதவைத் திறம்மா" என்று மனைவியைக் கொஞ்சலாகக் கூப்பிட்டேன்.

"இது அவரில்லை. யாரோ நடிக்கிறார்கள்" என்று கதவு பூட்டிக்கொண்டது.

"உள்ள இருந்தும் திறக்கல. கொஞ்சாம எப்பவும்போலத் திட்டுங்க!" என்று அவள் உள்ளிருந்து கத்தினாள்.

திட்டினால் சம்பந்தம் போச்சு. வாசலிலேயே நிற்கவைத்தாலும் போச்சு.

"திறடி, செவிட்டுக் கழுதை!"

திறந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்தாள். "நீங்க பரவாயில்லண்ணே. எங்க வீட்டுக்காரர் பொய் சொன்னாத்தான் எங்க கதவு திறக்கும்."

பொய்யன் என்று முதலிலேயே தெரிந்த சம்பந்தி எனக்கு வசதி. அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டோம்.