பேசாத வியாபாரம்

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இந்தப் புதருக்குள்ள படுத்துக்கறேன். அப்படி என்னதான் அதிசயப் பிறவின்னு இன்னிக்குப் பாத்துடறேன்" என்றான் ஹம்மூ.

சொன்னபடியே உள்ளே புகுந்துகொண்டான். வழிகாட்டி கேமோகோ பதறிப்போனான்.

ஆற்றங்கரை மணலில் உப்புப் பாளங்கள் வரிசையாகக் கிடந்தன. முரசும் அடித்தாகிவிட்டது. இனி உப்புக்காரர்கள் குன்றுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அதன் பிறகுதான் மறுகரை ஆட்கள் ஓடத்தில் வந்து, உப்புக்குப் பக்கத்தில் தங்கத்தூளைக் குவித்துவிட்டு மறைவார்கள். போதும் என்றால் உப்புக்காரர் தங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். போதாதென்றால் தொடாமல் திரும்பிப் போய்க் காத்திருக்கலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பேச்சு என்பதே கிடையாது.

"ஐயா, அது மட்டும் வேணாம். அவங்க ரொம்பக் கூச்சக்காரங்க. ஆள் வாடை பட்டாலே ஓடிடுவாங்க" என்று கெஞ்சினான் கேமோகோ.

"ஓடட்டுமே! பின்னாடியே போனா தங்கச் சுரங்கம் எங்கேன்னு தெரிஞ்சிடும். அப்புறம் உப்பு எதுக்கு, முரசு எதுக்கு?"

கேமோகோ பயந்தது இதற்குத்தான். அவன் பொடியனாக இருந்தபோது அரசருடைய ஆட்கள் இப்படித்தான் மோப்பம் பிடித்துச் சுரங்கம் வரைக்கும் வந்தார்கள். தோண்டுகிறவர்களைச் சவுக்கால் அடித்து வேலை வாங்கினார்கள். அடி பொறுக்காமல் எல்லோரும் காட்டுக்குள் போய்விட, தங்கம் நின்றது. தங்கம் நின்றதும் உப்பு நின்றது. உப்பில்லாத கூழைக் குடித்துவிட்டுக் குழந்தைகள் துவண்டு கிடந்தது அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது. மறுபடி அப்படி ஒரு காலம் வந்தால் ஊர் தாங்காது.

"அவங்க கீழ் உதடு மார்பு வரைக்கும் தொங்குங்க ஐயா" என்றான், குரலைத் தாழ்த்தி. "வெயில்ல அது புண்ணாகிடாம இருக்கத்தான் உப்பே வாங்கறாங்க. பாத்தீங்கன்னா பயந்துடுவீங்க."

"அவ்வளவு நீள உதட்டை வச்சிக்கிட்டு எப்படிய்யா கூழ் குடிப்பாங்க?"

அதைக் கேமோகோ யோசித்திருக்கவில்லை. ஹம்மூ விழுந்து விழுந்து சிரித்தான்.

அவன் பாலைவனத்துக்கு வடக்கே சிஜில்மாசா நகரத்தில் பிறந்து வளர்ந்த பையன். பாலைவனத்தைத் தாண்டி வருவது இதுதான் முதல் தடவை. அவனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்ட ஸீரி தாடி நரைத்த மனிதர். வருஷா வருஷம் வருகிறவர். லாபம் வரும் என்றாலும் பொய் சொல்லமாட்டார் என்று சந்தையில் அவருக்குப் பெயர். கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் இப்போது திரும்பினார்.

"ஹம்மூ, எழுந்து வா."

"என்ன மாமா, இந்தக் கதையை நீங்களும் நம்பறீங்களா?"

"நம்பறது என்ன? நான் பாத்திருக்கேன்."

கேமோகோ திடுக்கிட்டுத் திரும்பினான்.

"நிஜமாவா?" ஹம்மூவின் சிரிப்பு நின்றுவிட்டது. "எப்படி இருந்தாங்க?"

"முகத்தைப் பத்திக் கேக்காத. சொல்லமாட்டேன்னு அன்னிக்கே சத்தியம் பண்ணிட்டேன். ஆனா அந்தக் கை..." ஸீரி தலையைக் குனிந்துகொண்டார். "அந்தக் கையை இன்னிய வரைக்கும் மறக்க முடியல. அன்னிக்கு எனக்குச் சோறு தண்ணி தொண்டையில இறங்கல. அதுக்கப்புறம் ஒரு வருஷம்கூட நான் இப்படி ஒளிஞ்சிருந்து பாத்ததில்ல."

அவர் குரல் நடுங்கியதைக் கேமோகோவே கேட்டான். அது நடிப்பு மாதிரித் தெரியவில்லை.

ஹம்மூ ஒருமுறை மறுகரையைப் பார்த்தான். மெல்ல எழுந்தான். ஒட்டியிருந்த முள்ளைக்கூடத் தட்டிவிடாமல் குன்றைப் பார்த்து விறுவிறுவென்று நடையைக் கட்டினான்.

கேமோகோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஸீரியோடு கழுதைகளை ஓட்டிக்கொண்டு சிறிது தூரம் நடந்தான். ஹம்மூ காதெட்டாத தூரம் போனதும் கேட்டேவிட்டான்.

"ஐயா... மெய்யாலுமே பாத்தீங்களா?"

"மொத வருஷமேப்பா. ஆத்தங்கரையில அந்தப் பெரிய மரத்து மேல ஒளிஞ்சிருந்தேன். அந்தத் தடவை வழியில எனக்கு ஏகப்பட்ட சேதம். வச்சதெல்லாம் உடைஞ்ச பாளங்கதான். தங்கம் கொண்டுவந்தவங்க அதைப் பாத்துட்டு, 'பாவம், நொடிஞ்சு போய் வந்திருக்கான்'னு உங்க பாஷையிலயே சொல்லி, இன்னொரு கை அள்ளிக் கூட வச்சாங்க."

கேமோகோ அப்படியே நின்றுவிட்டான்.

"அன்னிக்கு ராத்திரி திரும்பற வழியில உன் வீட்டுல தங்கினேன். உன் பெண்டாட்டி வந்து கூழ் ஊத்துச்சு. மத்தியானம் எனக்குத் தங்கம் அள்ளி வச்ச அதே கை! அதை மரத்து மேலேருந்து திருட்டுத்தனமா வேவு பாத்தவனுக்கு, அந்தக் கூழ் எப்படிய்யா தொண்டையில இறங்கும்?"