கூரையில் நிற்கும் அப்பா

ஸ்டாக் கார் பந்தயத்தில் முதன்முதலாக ஜெயித்த கோப்பையோடு, கழற்றிய ஹெல்மெட்டைக்கூட எங்கும் வைக்காமல், இலக்கியா பார்வையாளர் மாடத்தின் கூரைக்கு ஓடினாள். அப்பா அங்கே நின்றுதான் பக்கத்தில் நெருங்கும் வண்டிகளைப் பற்றி ஹெல்மெட் ரேடியோ வழியே அவள் காதில் சொல்லிக்கொண்டே இருப்பார். வளைவு வந்தால் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். "மூச்சு விடு கண்ணு, நான் இருக்கேன்" என்பார். இன்றும் சொன்னார். தோற்ற நாட்களில் அவருக்கு முகம் காட்ட வெட்கப்பட்டு அவள் மேலே ஏறியதேயில்லை.

கூரையில் அப்பா இல்லை. ஒரு கம்பமும் அதன்மேல் கேமராவும்தான் இருந்தன.

"உங்கப்பா இந்த வருஷம் ஒரு பந்தயத்துக்கும் வரலைங்களே," என்றார் அங்கே நின்ற வேறு அணிக்காரர் ஒருவர். "குரலை மட்டும் உங்க அணிக் கம்பெனிக்குக் குடுத்துட்டாருங்க. கம்ப்யூட்டர்தாங்க அவர் குரல்ல பேசுது. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"போன வருஷம் உன் கார் உருண்டதுக்கப்புறம் என்னால பாக்க முடியல கண்ணு. சொன்னா நீ ஓட்டமாட்டீன்னுதான்..."

"நீங்க பாத்துட்டிருக்கீங்கன்னு நம்பித்தானப்பா அத்தனை வேகத்துல போனேன்!"

பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் போட்டிருந்த பந்தய உடுப்பின் சென்சார் அதைக் கண்டுகொண்டது. கையில் தொங்கிய ஹெல்மெட்டிலிருந்து குரல் வந்தது.

"மூச்சு விடு கண்ணு, நான் இருக்கேன்."

போனில் அதைக் கேட்ட அப்பாவுக்கு அது தன் குரலென்று தெரியவில்லை.

"பக்கத்துல யாரு கண்ணு?"

"எங்கப்பா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.