என்ஜின் அலறிய சனிக்கிழமை

கோகுல்நாத் 2002-இல் ஒரு சனிக்கிழமை, காலையில் கேம்ப் கடைத்தெருவில் வாங்கிய விமானச் சண்டை கம்ப்யூட்டர் கேமை வானவடியில் இருந்த தன் வீட்டில் முதல்முறையாகப் போட்டான். புரொப்பெல்லர் றெக்கையின் சாய்வைக் கையாலேயே மாற்றினால் வேகம் கூடும் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். எதிரியைத் துரத்திக் கீழே பாய்ந்தபோது என்ஜின் அலறியது.

"சாய்வைக் கூட்டுங்க, என்ஜின் எரிஞ்சுடும்," என்றாள் சமையலறையிலிருந்து மனைவி பார்கவி. அவள் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை.

கூட்டினான். அலறல் அடங்கியது. சுட்டதும் எதிரி விமானம் தீப்பிடித்தது. பாராசூட்டில் குதித்தவனையும் தலை தொங்கும்வரை சுட்டான்.

"உனக்கெப்படி இதெல்லாம் தெரியும்?"

பார்கவி காபியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"போன ஜென்மத்துலயும் இப்படித்தான். குதிச்சப்புறமும் என்னை விடலை நீங்க. காபி ஆறுது, குடிங்க."