ஒரு வருஷ ஒத்திகை

வேனின் இருக்கையில் சரிந்து, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, எதிரிலிருந்த வரி அலுவலக வாசலையே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தான் டெல்மர். பார்ப்பவர்கள் திருடன் என்றுதான் நினைப்பார்கள்.

உள்ளே போயிருந்தது அவன் மனைவி ஆர்லிஸ். கூரை வேலையில் ரொக்கமாக வந்த பணத்தை டெல்மர் கணக்கில் காட்டவில்லை. இருவர் பேரிலும் சேர்த்துத் தாக்கல் செய்த அந்த வரிக்கணக்கில் நம்பிக் கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு, அவளுடைய அப்பா விட்டுப்போன வீடு இப்போது பறிபோக இருந்தது.

தப்பிக்கும் யோசனையும் போன வருஷம் டெல்மர் சொன்னதுதான்.

"நான் தம்பி வீட்டுக்குப் போயிடறேன். ஒரு வருஷம் தனித்தனியா இருந்தாத்தான் சட்டம் உன்னைத் தனியாப் பார்க்கும். 'அந்த ஆள் செஞ்சது எதுவும் எனக்குத் தெரியாது, இனிமே அவனோட வாழவும் முடியாது'ன்னு வருஷம் முடிஞ்சதும் வரி ஆபீஸ்ல போய்ச் சொல்லு. உன்னை விட்டுருவாங்க. அப்புறம் நான் வந்துடறேன்."

ஆனால் ஆர்லிஸை நம்பி எதையும் செய்ய முடியாது. சர்ச் விற்பனைக்குத் தான் கொடுத்த கேக் வீட்டில் செய்ததல்ல, கடையில் வாங்கியது என்று தானே போய் ஒப்புக்கொண்டவள் அவள். போனில் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம், 'இனிமே அவனோட வாழவும் முடியாது' என்ற இடம் வந்ததும் போனை வைத்துவிடுவாள்.

"உனக்குப் பொய் சொல்லவே வராது, போ! வீடு போச்சு!" என்று நேற்றுகூடக் கத்தியிருந்தான்.

கதவு திறந்தது. ஆர்லிஸ் கண்ணைத் துடைத்தபடி பனியில் நடந்து வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"விட்டுட்டாங்க. வீட்டுக்கு ஆபத்தில்லை. கடன் பூரா உன் தலையிலதான்."

"அடி சக்கை! அழுதியா?"

"அழுதேன். சூதாட்டத்துல எல்லாத்தையும் விட்டுட்டு வந்து, வேலையே கிடைக்கலைன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுவியே, அதைச் சொன்னேன். இந்த ஒரு வருஷமாத்தான் நிம்மதியாத் தூங்கறேன்னு சொன்னேன். அந்த அதிகாரியம்மாவுக்கே கண்ணு கலங்கிடுச்சு."

டெல்மர் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "நீயா இப்படி நடிச்சே? ஏறு வண்டியில! பெட்டியை எடுத்துக்கிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துடறேன்."

ஆர்லிஸ் ஏறவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு, வண்டிச் சாவியோடு தொங்கிய வீட்டுச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டாள்.

"எனக்குத்தான் பொய் சொல்லவே வராதே, டெல்மர்."